மருந்துச் சீட்டும் கணினியும்: ஆன்டிபயாட்டிக் எழுதும் பழக்கத்தை மென்பொருள் மாற்றுமா?

சளி, இருமல், தொண்டை வலி என்று மருத்துவரிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் வைரஸ். வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. மருத்துவம் படித்த எவருக்கும் இது பாலபாடம். இருந்தும் மருந்துச் சீட்டில் ஆன்டிபயாட்டிக் ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் வெளிநோயாளிகளுக்கு எழுதப்படும் ஆன்டிபயாட்டிக்குகளில் குறைந்தது 30 சதவீதம் தேவையற்றவை என்று 2016இல் வெளியான கணக்கீடு ஒன்று காட்டியது. இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்களுக்கு 2018இல் போடப்பட்ட கணக்கில் இந்த அளவு ஏறத்தாழ 20 சதவீதம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதர்களுக்குத் தரப்படும் ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பகுதி எழுதப்படும் இடம் பெரிய மருத்துவமனை இல்லை; குடும்ப மருத்துவரின் அறையும் ஆரம்ப சுகாதார நிலையமும்தான்.

மருத்துவர் மருந்து எழுதப்போகும் நேரத்தில் கணினி குறுக்கிட்டு யோசனை சொன்னால் இந்தத் தேவையற்ற பகுதி குறையுமா? கேள்விக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 'குறையும்', 'குறையாது', 'சற்றே குறையும்' என மூன்று பதில்களுக்கும் தரமான சோதனைகள் சான்றாக நிற்கின்றன. இந்த முரண்பாட்டின் வேர் கணினியில் இருப்பதாகத் தோன்றவில்லை. மருத்துவர் ஏன் தவறாக எழுதுகிறார் என்பதற்கு ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு, அதற்கேற்ற கருவியைச் செய்தது. ஆகவே கருவிகளை அவற்றின் பின்னுள்ள அனுமானங்களோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

நிபுணரை இயந்திரத்துக்குள் அடைத்தல்

முதல் அனுமானம் எளிது: மருத்துவருக்குப் போதிய அறிவு இல்லை; நிபுணரின் அறிவைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தால் போதும். 1970களின் முற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் தம் முனைவர் பட்ட ஆய்வாக உருவாக்கிய 'மைசின்' இந்த நம்பிக்கையின் குழந்தை. இரத்தத்தில் பரவும் தொற்றுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் எந்த ஆன்டிபயாட்டிக் ஏற்றது என்பதை, 'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்ற வகையிலான சில நூறு விதிகளைக் கொண்டு அது முடிவு செய்தது.

1979இல் நடந்த சோதனை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மூளைக்காய்ச்சல் நோயாளிகள் பத்துப் பேரின் விவரங்கள் மைசினுக்கும் மருத்துவர்களுக்கும் தரப்பட்டன. எது யாருடைய பரிந்துரை என்று தெரியாமல் வெளி நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். மைசினின் பரிந்துரைகள் 65 சதவீத மதிப்பீடுகளில் ஏற்கத்தக்கவை எனப்பட்டன. ஸ்டான்ஃபோர்டின் பேராசிரியர்கள் பெற்றது 42.5 முதல் 62.5 சதவீதம் வரை. மைசின் வென்றது, ஆனால் அன்றாடச் சிகிச்சையில் அது ஒருநாளும் பயன்படவில்லை. நோயாளியின் விவரங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் பிடித்தது. பத்து நிமிடத்துக்கு ஒருவரைப் பார்க்கும் மருத்துவருக்கு அது ஒத்துவராது. தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் விடை இல்லை. சரியான பதில் தருவது ஒன்று, அந்தப் பதிலை மருத்துவர் பயன்படுத்துவது வேறொன்று. துறை இந்தப் பாடத்தைப் பல முறை படித்தும் மறந்தும் வந்திருக்கிறது.

நினைவூட்டினால் போதும் என்ற தரப்பு

இரண்டாம் தரப்பு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் தொடங்கியது. 1976இல் கிளெமென்ட் மெக்டொனால்ட் ஒரு முடிவை வெளியிட்டார். கவனிக்க வேண்டிய நிலைகளைக் கணினி நினைவூட்டியபோது மருத்துவர்கள் ஏறத்தாழ பாதி முறை உரிய நடவடிக்கை எடுத்தார்கள். நினைவூட்டாதபோது ஐந்தில் ஒரு பங்கு முறைதான். மருத்துவர்களிடம் குறைவாக இருப்பது அறிவு இல்லை, கவனம்தான். தகவல் வெள்ளத்தில் எந்த மனிதருக்கும் சில கண்ணில் படாமல் போகும் என்றார். இந்த வாதம் இன்றுவரை வலுவாக நிற்கிறது. 2005இல் கவமோட்டோ குழுவினர் 70 சோதனைகளைத் தொகுத்து, எப்படிப்பட்ட கருவி பலன் தருகிறது என்று பார்த்தார்கள். மருத்துவர் தேடிப்போகாமல் தானாகவே வர வேண்டும்; முடிவெடுக்கும் இடத்திலும் நேரத்திலும் வர வேண்டும்; மதிப்பீட்டோடு நிற்காமல் என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும்; கணினி வழியாக வர வேண்டும். இந்த நான்கும் அமைந்தவற்றில் 94 சதவீதம் பலன் தந்தன என்றார்கள்.

ஆனால் ஆன்டிபயாட்டிக் என்று வந்தபோது படம் அத்தனை தெளிவாக இல்லை. யூட்டா, ஐடஹோ மாநிலங்களின் கிராமப்புறங்களில் நடந்து 2005இல் வெளியான சோதனை ஊக்கம் தந்தது. சில ஊர்களில் பொதுமக்களுக்கான விழிப்புணர்வு மட்டும். சில ஊர்களில் அதோடு மருத்துவர்களுக்கு முடிவுத்துணைக் கருவியும். கருவி கிடைத்த ஊர்களில் ஆண்டுக்கு நூறு பேருக்கு 84.1 ஆக இருந்த ஆன்டிபயாட்டிக் சீட்டுகள் 75.3 ஆகக் குறைந்தன. விழிப்புணர்வு மட்டும் நடந்த ஊர்களில் அசைவே இல்லை. இதில் ஒரு நுணுக்கம்: கருவி கையடக்கக் கணினியாக மட்டுமின்றிக் காகிதப் படிவமாகவும் தரப்பட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து பாஸ்டனில் இருந்து வந்த முடிவு வேறு மாதிரி. மூச்சுத்தொற்று நோயாளிகளுக்கென மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்குள்ளேயே ஓர் 'அறிவார்ந்த படிவம்' வைக்கப்பட்டது. 27 மருத்துவ நிலையங்கள் சோதனையில் பங்கேற்றன. படிவம் கிடைத்தவர்கள் 39 சதவீதத்தினருக்கும் கிடைக்காதவர்கள் 43 சதவீதத்தினருக்கும் ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் தீர்ப்பு. காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. படிவம் பயன்பட்டது 6 சதவீத வருகைகளில் மட்டுமே.

நியூயார்க்கில் 2013இல் வெளியான சோதனை மறுபடி நம்பிக்கை ஊட்டியது. தொண்டை வலிக்கும் நிமோனியா ஐயத்துக்கும் உரிய மதிப்பெண் கணக்கை மருந்து எழுதும் திரையிலேயே வைத்தார்கள். பாதிக்கு மேற்பட்ட வாய்ப்புகளில் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். ஆன்டிபயாட்டிக் எழுதுவது ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. அதே கருவியை வேறு இரண்டு பல்கலைக்கழக மருத்துவ அமைப்புகளில் வைத்தபோது பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பலனும் காணாமல் போனது. ஒரே மென்பொருள், ஒரே நோய்கள். மாறியது ஊரும் வேலை முறையும். கருவியை உருவாக்கியவர்கள் அருகில் இருக்கும் இடத்தில் அது நன்றாக ஓடுவதும், தொலைவில் போனதும் தளர்வதும் இந்தத் துறையில் அடிக்கடி தலைகாட்டும் சங்கதி.

இந்தத் தரப்பைக் கூர்மையாகச் சங்கடப்படுத்தும் சோதனை பென்சில்வேனியாவில் கைசிங்கர் மருத்துவ அமைப்பின் 33 நிலையங்களில் நடந்தது. நோய், வளர்இளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் வரும் திடீர் மூச்சுக்குழல் அழற்சி. இதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்பதில் கருத்து வேறுபாடு மிகக் குறைவு. ஒரு பிரிவு நிலையங்களில் கணினி வழிகாட்டுதல். இன்னொரு பிரிவில் அதே வழிமுறையை அச்சிட்டுத் தேர்வறையில் ஒட்டிய சுவரொட்டியும், நோயாளிக்கு உதவியாளர் தரும் துண்டுப் பிரசுரமும். மூன்றாம் பிரிவில் எதுவும் இல்லை. அச்சு கிடைத்த இடங்களில் ஆன்டிபயாட்டிக் 80 சதவீதத்திலிருந்து 68.3க்கு இறங்கியது. கணினி கிடைத்த இடங்களில் 74லிருந்து 60.7க்கு. எதுவும் இல்லாத இடங்களில் 72.5லிருந்து 74.3க்கு ஏறியது. கணினிக்கும் காகிதத்துக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பலன் தந்தது வழிகாட்டுதல். அது எதன்மேல் எழுதப்பட்டிருந்தது என்பது இரண்டாம்பட்சம். 2013இல் வெளியான இந்த முடிவு பின்னாளில் வந்த பல மென்பொருள் திட்டங்களில் உரிய இடம் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தெரிந்தும் எழுதுகிறார்கள்

மூன்றாம் தரப்பு, அறிவையும் கவனத்தையும் விட்டுவிட்டு மருத்துவரின் நாற்காலியைச் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பார்த்தது. 1998இல் தெற்கு வேல்ஸின் குடும்ப மருத்துவர்களையும் தொண்டை வலி நோயாளிகளையும் பேட்டி கண்டு வெளியான ஆய்வில், பலன் மிகக் குறைவு என்று தெரிந்தே மருத்துவர்கள் ஆன்டிபயாட்டிக் எழுதியதாகச் சொன்னார்கள். நோயாளியோடு உள்ள உறவு கெட்டுவிடக் கூடாது என்பது முதன்மைக் காரணம். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தை மருத்துவர்களிடம் நடந்த ஆய்வு இதற்கு எண்களைத் தந்தது. வைரஸ் தொற்றுதான் என்று மருத்துவர் தாமே கருதிய குழந்தைகளிலும், பெற்றோர் ஆன்டிபயாட்டிக் எதிர்பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றினால் 62 சதவீத முறை எழுதினார். அப்படித் தோன்றாதபோது 7 சதவீதம். பெற்றோர் உண்மையில் எதிர்பார்த்தார்களா என்பது எழுதுவதை நிர்ணயிக்கவில்லை. மருத்துவரின் ஊகமே நிர்ணயித்தது.

இதோடு சோர்வும் சேர்கிறது. பாஸ்டன் பகுதி மருத்துவ நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான கட்டுரை, காலையானாலும் மாலையானாலும் பணிநேரம் முடியும் தறுவாயில் மூச்சுத்தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. கடைசி நோயாளியிடம் ஏன் மருந்து இல்லை என்று விளக்குவதைவிடச் சீட்டை நீட்டிவிடுவது எளிது. நம் ஊரில் 'ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்' என்ற வேண்டுகோளைக் கேட்ட எவருக்கும் இது புதிதாக இருக்காது.

இந்தப் பார்வையிலிருந்து பிறந்த சோதனைகளில் முக்கியமானது பாஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களின் 47 நிலையங்களில், 248 மருத்துவர்களிடம் 18 மாதம் நடந்து 2016இல் வெளியானது. இதில் கணினி யோசனை சொல்லும் ஆசானாக வரவில்லை. மூன்று வகைத் தலையீடுகள் இருந்தன. முதலாவது, ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலாக என்னென்ன தரலாம் என்று திரையில் காட்டுவது. இரண்டாவது, ஆன்டிபயாட்டிக் எழுத முனைந்ததும் 'ஏன்?' என்று கேட்டு ஒரு வெற்றுப் பெட்டியைத் திறப்பது. மருத்துவர் எழுதும் காரணம் நோயாளியின் பதிவேட்டில் அப்படியே பதியும். ஒன்றும் எழுதாவிட்டால் 'காரணம் தரப்படவில்லை' என்று பதியும். மூன்றாவது, மாதந்தோறும் வரும் மின்னஞ்சல்: சக மருத்துவர்களில் தேவையின்றி எழுதாத முன்னணியினரில் நீங்களும் ஒருவர், அல்லது ஒருவர் அல்லர்.

தேவையற்ற ஆன்டிபயாட்டிக் காரணம் கேட்ட பிரிவில் 23.2 சதவீதத்திலிருந்து 5.2க்கும், ஒப்பிட்டுச் சொன்ன பிரிவில் 19.9லிருந்து 3.7க்கும் இறங்கியது. மாற்றுகளைக் காட்டியது புள்ளியியல் அளவில் தேறவில்லை. நேராக யோசனை சொன்ன தலையீடு தோற்று, மானத்தைத் தொட்ட இரண்டும் வென்றன. ஆனால் எந்தத் தலையீடும் இல்லாத ஒப்பீட்டுப் பிரிவிலேயே அளவு 24.1லிருந்து 13.1க்கு இறங்கியிருந்தது. யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வே இதில் பாதி வேலையைச் செய்திருக்கலாம். தலையீடுகளை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது காரணம் கேட்ட பிரிவில் அளவு மறுபடி 10 சதவீதத்தைத் தொட்டது. ஒப்பிட்டுச் சொன்ன பிரிவில் சற்றே ஏறி 6 சதவீத அளவில் நின்றது. பெட்டி மறைந்ததும் பழக்கம் திரும்புகிறது. தம்மைப் பற்றித் தாம் கொண்டிருந்த எண்ணம் மாறியவர்களிடம் மாற்றம் கொஞ்சம் கூடுதல் நாள் தங்குகிறது.

கடிதமும் அறிக்கையும்

ஒப்பிட்டுச் சொல்ல மின்னணுப் பதிவேடுகூட வேண்டியதில்லை என்று இங்கிலாந்தில் ஒரு பரிசோதனை காட்டியது. ஆன்டிபயாட்டிக் எழுதுவதில் மேல்வரிசையில் உள்ள 20 சதவீத மருத்துவ நிலையங்களில் ஒரு பாதிக்கு, 'உங்கள் பகுதியில் 80 சதவீத நிலையங்கள் உங்களைவிடக் குறைவாக எழுதுகின்றன' என்ற பொருளில் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியின் கடிதம் போனது. அடுத்த ஆறு மாதங்களில் 3.3 சதவீதம் குறைந்தது. அளவு சிறியது, செலவோ தபால் செலவு.

பிரிட்டனில் கணினியையும் அறிக்கையையும் சேர்த்துப் பார்த்தது, 79 நிலையங்களில் நடந்து 2019இல் வெளியான 'ரெட்யூஸ்' சோதனை. மாதந்தோறும் அந்த நிலையத்தின் எண்ணிக்கை, ஒரு இணையவழிப் பயிற்சி, நோயாளியைப் பார்க்கும் நேரத்தில் முடிவுத்துணைக் கருவி என்ற மூன்றும் சேர்ந்த தொகுப்பு. மூச்சுத்தொற்றுக்கான சீட்டுகள் 12 சதவீதம் குறைந்தன. 15 முதல் 84 வயதுக்குட்பட்டவர்களில் ஆண்டுக்கு 62 பேருக்கு ஒரு சீட்டு மிச்சம். 15 வயதுக்குட்பட்டவர்களிடமும் 85ஐத் தாண்டியவர்களிடமும் மாற்றமே இல்லை. எந்த நோயாளியைக் கண்டால் மருத்துவருக்குப் பயம் அதிகமோ, அங்கே கருவி எடுபடவில்லை என்று இதைப் படிக்கலாம்.

'ஒப்பிட்டுச் சொன்னால் போதும்' என்ற முடிவுக்கும் அவசரப்பட முடியாது. சுவிட்சர்லாந்தில் அதிகம் எழுதும் சுமார் 2,900 முதல்நிலை மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பாதியினருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் அறிக்கை அனுப்பினார்கள். பலன் பூஜ்யம். இங்கிலாந்துக் கடிதத்தில் அரசின் உயர் அதிகாரியின் கையொப்பமும் 'நீங்கள் மேல்வரிசையில் இருக்கிறீர்கள்' என்ற நேரடிச் சொல்லும் இருந்தன. சுவிஸ் அறிக்கையில் அந்த உறைப்பு குறைவு என்பது ஒரு விளக்கம். சுவிட்சர்லாந்தில் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு ஏற்கெனவே ஐரோப்பாவிலேயே குறைவு, மேலும் இறக்க இடமில்லை என்பது இன்னொன்று. இரண்டில் எது சரி என்று இதுவரை தனியே சோதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

டான்சானியாவின் பலகைக் கணினி

இவ்வளவும் மருத்துவர்கள் உள்ள, பதிவேடுகள் உள்ள நாடுகளின் கதை. தார் எஸ் சலாமின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் குழந்தையைப் பார்ப்பவர் பெரும்பாலும் எம்பிபிஎஸ் படித்தவர் இல்லை. சில ஆண்டுப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர். மலேரியாவைக் கண்டறியும் உடனடிச் சோதனை பரவலானபின் அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. மலேரியா இல்லை என்று தெரிந்த குழந்தைக்கு மலேரியா மருந்து கொடுப்பது நின்றது. அந்த இடத்தில் ஆன்டிபயாட்டிக் கூடியது. 'இது இல்லை' என்று சொன்ன சோதனை, 'அப்படியானால் எது' என்று சொல்லவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவை 'அல்மனாக்', 'இபோக்ட்' என்ற கருவிகள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990களில் காகிதத்தில் வகுத்த குழந்தை நோய் வழிமுறையே இவற்றின் அடித்தளம். பணியாளர் பலகைக் கணினியில் குழந்தையின் வயது, எடை, வெப்பநிலை, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பவற்றை உள்ளிடுகிறார். அடுத்து எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று திரை வரிசையாகச் சொல்கிறது. இபோக்ட் இன்னும் ஒரு படி போய், தேவைப்படும் குழந்தைக்கு மட்டும் விரல் நுனியில் ஆக்சிஜன் அளவு பார்க்கச் சொல்லும். துளி இரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லும். அழற்சியின்போது கூடும் இந்தப் புரதம் குறைவாக இருந்தால், கடுமையான பாக்டீரியாத் தொற்றுக்கு வாய்ப்புக் குறைவு.

2017இல் வெளியான சோதனையில் முதல் நாளே ஆன்டிபயாட்டிக் பெற்ற குழந்தைகள், இபோக்ட் பிரிவில் 11.5 சதவீதம், அல்மனாக் பிரிவில் 29.7 சதவீதம். அதே காலத்தில் வழக்கமான சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 94.9 சதவீதம். ஏழு நாளில் சிகிச்சை தோற்ற விகிதம் இபோக்டில் 2.3, அல்மனாக்கில் 4.1. மருந்து குறைந்தது, குழந்தைகளும் தேறினார்கள். ஆய்வுச் சூழலுக்கு வெளியே இது நிற்குமா என்று கேட்டவர்களுக்கு 2024இல் விடை வந்தது. டான்சானியாவின் 40 சுகாதார நிலையங்களில், விரிவாக்கிய கருவியோடு ஆன்டிபயாட்டிக் பெற்றவர்கள் 23.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 70.1. ஏழு நாளில் சிகிச்சை தோற்ற விகிதம் இரு பிரிவுகளிலும் 4 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ சமம்.

பாஸ்டனில் 4 புள்ளி, பென்சில்வேனியாவில் 13 புள்ளி, டான்சானியாவில் 47 புள்ளி. ஏன் இத்தனை தூரம்? தொடக்க அளவு அங்கே மிக உயரத்தில் இருந்தது என்பது வெளிப்படையான காரணம். ஆனால் அது மட்டும் போதாது. டான்சானியக் கருவி, பணியாளர் கையில் இல்லாத ஒன்றைக் கொடுத்தது: ஓர் அளவீடு. குழந்தைக்கு ஆபத்தில்லை என்று நம்ப ஓர் எண் கிடைத்தபோது, மருந்து எழுதாமல் அனுப்பும் தைரியமும் வந்தது. பாஸ்டன் மருத்துவருக்கு அவர் ஏற்கெனவே அறிந்ததைத்தான் திரை திருப்பிச் சொன்னது. இந்த விளக்கத்துக்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு. 2024 திட்டத்தில் மென்பொருளோடு பயிற்சி, தொடர் வழிகாட்டல், நிலையங்களை ஒப்பிடும் தகவல்பலகை எல்லாம் சேர்ந்தே வந்தன. எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்தறிய வழியில்லை.

கணிக்கும் இயந்திரங்கள்

அண்மைக் காலத்தில் பேச்சு செயற்கை நுண்ணறிவின் பக்கம் திரும்பியிருக்கிறது. இங்கே கேள்வியே சற்று இடம் மாறுகிறது: ஆன்டிபயாட்டிக் தரலாமா என்பதிலிருந்து, எந்த ஆன்டிபயாட்டிக் என்பதற்கு. இஸ்ரேலின் மக்காபி சுகாதாரக் காப்பு அமைப்பின் பத்தாண்டுப் பதிவுகளில் இருந்த 7 லட்சத்துக்கு மேற்பட்ட சிறுநீர்த் தொற்றுகளைக் கொண்டு, ஒருவரின் வயது, முந்தைய மருந்துகள், முந்தைய பரிசோதனை முடிவுகளை வைத்தே அவருடைய கிருமி எதற்கு அடங்காது என்று ஓரளவு கணிக்க முடியும் என 2019இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு பாஸ்டன் தரவில் செய்த ஆய்வும் இதே திசையில் சென்றது. 2024இல் அமெரிக்காவின் 59 மருத்துவமனைகளில் நடந்த சோதனைகள் இன்னொரு படி ஏறின. நோயாளியின் ஆபத்தளவைக் கணித்து மருந்து எழுதும் நேரத்தில் காட்டியபோது, வீரியம் கூடிய ஆன்டிபயாட்டிக்கின் பயன்பாடு நிமோனியாவில் 28 சதவீதமும் சிறுநீர்த் தொற்றில் 17 சதவீதமும் குறைந்தது.

ஆனால் இந்தக் கடைசிச் சோதனை உள்நோயாளிகளிடம் நடந்தது. முந்தைய இரண்டும் பழைய பதிவுகளை வைத்து 'இப்படிச் செய்திருந்தால்' என்று பார்த்தவை. முதல்நிலை மருத்துவத்தில் பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுகள், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை இன்றியே சிகிச்சை பெறுகின்றன. பரிசோதனைக்குப் போனவர்களின் தரவில் பயின்ற இயந்திரம், போகாதவர்களைப் பற்றி எவ்வளவு சரியாகச் சொல்லும் என்பது ஐயத்துக்குரியது. கணிப்புத் திறனைக் காட்டும் கட்டுரைகள் குவிகின்றன. குடும்ப மருத்துவரின் அறையில் அந்தக் கணிப்பு ஒருவருக்காவது நன்மை செய்ததா என்று காட்டுபவை அரிது. மைசினின் நிழல் இங்கே நன்றாகவே விழுகிறது.

எதை அளக்கிறோம்?

எல்லாத் தரப்புக்கும் பொதுவான ஒரு பலவீனம் அளவுகோலில் இருக்கிறது. தேவையற்றது எது என்பதை மருத்துவர் பதியும் நோய்ப்பெயரை வைத்தே இந்தச் சோதனைகளில் பல முடிவு செய்கின்றன. மூச்சுக்குழல் அழற்சி என்று பதிந்தால் திரை கேள்வி கேட்கும், நிமோனியா என்று பதிந்தால் கேட்காது என்றால், பெயர் மாறுவதற்கு அதிக நாள் ஆகாது. மருத்துவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் நோயாளி எந்தப் பக்கம் விழுகிறார் என்பதைத்தான் கருவி மாற்றுகிறது. நோய்ப்பெயரைப் பொருட்படுத்தாமல் மொத்தச் சீட்டுகளை எண்ணிய ஆய்வுகளையே இந்த விஷயத்தில் கூடுதலாக நம்பலாம்.

அடுத்தது எச்சரிக்கைச் சலிப்பு. மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று 2006இல் வெளியான ஒரு தொகுப்பு கண்டது. ஆன்டிபயாட்டிக்குக்கு ஒன்று, சர்க்கரை நோய்க்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று என்று பெட்டிகள் திறந்துகொண்டே இருந்தால் எல்லாமே ஒரே வேகத்தில் மூடப்படும். தனித்தனிச் சோதனைகளில் தேறும் கருவிகள் ஒரே திரையில் கூடும்போது என்ன ஆகும் என்று பெரும்பாலான ஆய்வுகள் பார்ப்பதில்லை. 2020இல் நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்த ஆய்வில், எல்லா வகை முடிவுத்துணைக் கருவிகளையும் சேர்த்து, விரும்பிய சிகிச்சை கூடிய அளவு சராசரியாக 5.8 சதவீதப் புள்ளிகள். இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. விற்பனைப் பேச்சுகளில் வரும் புரட்சி என்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது, குறைப்பது ஆபத்தா என்ற கேள்வி. பிரிட்டன் பதிவுகளில் 2016இல் செய்த ஆய்வின்படி, சராசரியாக 7,000 பேரைப் பார்க்கும் ஒரு நிலையம் மூச்சுத்தொற்றுக்கான ஆன்டிபயாட்டிக்கை 10 சதவீதம் குறைத்தால், ஆண்டுக்கு ஒரு நிமோனியாவும் பத்தாண்டுக்கு ஒரு தொண்டைச் சீழ்க்கட்டியும் கூடுதலாக வரலாம். இது பொறுக்கத்தக்க விலை என்பதே பொதுவான தீர்ப்பு. அந்த ஒரு நிமோனியா தம் நோயாளிக்கு வந்துவிடக் கூடாதே என்பதுதான் ஒவ்வொரு மருத்துவரின் கவலையும். கணினி அந்தக் கவலையில் பங்கெடுத்துக்கொள்வதில்லை.

இந்தியாவுக்கு இதில் என்ன?

குழந்தைகளுக்கான முடிவுத்துணைக் கருவியும் ஆக்சிஜன் அளவுமானியும் சேர்ந்த 'டிம்சி' என்ற பன்னாட்டுத் திட்டத்தில் டான்சானியா, கென்யா, செனகல் நாடுகளோடு உத்தரப் பிரதேசமும் இடம்பெற்றது. அரசு சுகாதார நிலையங்களைப் பொறுத்தவரை டான்சானிய அனுபவம் இங்கே பொருந்த வாய்ப்புண்டு. ஆனால் இந்தியாவில் வெளிநோயாளிகளில் பெரும்பாலோர் போவது தனியாரிடம். அங்கே சீட்டு இன்னும் பெருமளவு கையெழுத்தில். பதிவேடு இல்லாத இடத்தில் பெட்டி எங்கே திறக்கும், மாத அறிக்கையை எதிலிருந்து எடுப்பது? சில ஆன்டிபயாட்டிக்குகளை எச்1 அட்டவணையில் சேர்த்து, விற்பனையைப் பதிந்து வைக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னும் டெல்லி, மும்பை, பாட்னா மருந்துக் கடைகளுக்கு நோயாளிபோல் நடித்து ஆட்களை அனுப்பிய ஆய்வு, சீட்டின்றியே ஆன்டிபயாட்டிக் கைமாறுவதைப் பதிவு செய்தது. மருத்துவரையே தாண்டிப்போகும் மருந்தை, மருத்துவரின் திரையில் வரும் யோசனை தடுக்காது. பிரிட்டனின் 12 சதவீதத்தை இந்திய மொத்தப் பயன்பாட்டின் மேல் வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தீராமல் இருப்பவை

ஐம்பது ஆண்டுச் சான்றுகளிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சிலவே. தேடிப்போய்த் திறக்க வேண்டிய கருவியை மருத்துவர்கள் திறப்பதில்லை. மருத்துவர் ஏற்கெனவே அறிந்ததைத் திருப்பிச் சொல்லும் கருவியின் பலன் சிறியது. அளவீட்டையோ பொறுப்புணர்வையோ கூடவே கொண்டுவரும் கருவியின் பலன் பெரியதாக இருக்கக்கூடும். இவற்றுக்கு அப்பால் எல்லாமே நிபந்தனைக்குட்பட்டவை. பலன் எத்தனை ஆண்டு தங்கும் என்பதற்கு ஓராண்டு, ஈராண்டுத் தரவே உள்ளது. குழந்தைகளிடமும் முதியோரிடமும் பிரிட்டன் கருவி ஏன் எடுபடவில்லை என்பது ஊகமாகவே நிற்கிறது. சீட்டுகள் குறைந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் அந்த ஊரில் குறைகின்றனவா என்ற, எல்லாவற்றுக்கும் அடிப்படையான கேள்வியை இங்கே பேசிய முதல்நிலை மருத்துவச் சோதனைகள் முதன்மை அளவாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

இன்றைய நிலையில், ஓர் அரசோ மருத்துவமனைக் குழுமமோ ஆன்டிபயாட்டிக்குக்கான மென்பொருளை வாங்க முனைந்தால், விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது எவ்வளவு துல்லியமாகக் கணிக்கிறது என்பதாக இருக்கக் கூடாது. எத்தனை சதவீத வருகைகளில் மருத்துவர்கள் அதை உண்மையில் பயன்படுத்தினார்கள் என்று கேட்க வேண்டும். அடுத்து, ஒப்பீட்டுப் பிரிவில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். அங்கே எதுவுமே இல்லை என்றால் அந்தச் சோதனை போதாது. சுவரில் ஒட்டிய அச்சிட்ட தாளும், மாதம் ஒருமுறை ஒவ்வொரு மருத்துவருக்கும் போகும் எண்ணிக்கையும் அந்தப் பிரிவில் இருக்க வேண்டும். அவற்றைவிடக் கூடுதலாக மென்பொருள் எவ்வளவு குறைக்கிறதோ, அந்த அளவுக்கு மட்டுமே விலை கொடுக்கலாம்.